பத்தைவிட எட்டு பெரியது என்று சொன்ன நிரல்

மருந்துகள் வைக்கும் குளிர் அறையின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் மென்பொருள் அது. மூன்று பேர் சேர்ந்து ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதியிருந்தோம். தடுப்பூசி, இன்சுலின் போன்றவற்றை 2 டிகிரி செல்சியஸுக்கும் 8 டிகிரிக்கும் இடையில் வைக்க வேண்டும். உறைந்தாலும் வீண், சூடேறினாலும் வீண். அறைக்குள் இருக்கும் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை அனுப்பும். அளவு 2-க்குக் கீழே போனால் "குளிர் அதிகம்" என்றும், 8-ஐத் தாண்டினால் "சூடு அதிகம்" என்றும் இரவுப் பணியில் இருப்பவரின் கைபேசிக்குச் செய்தி போகும். இரண்டிலும் சேராவிட்டால் திரையில் பச்சை விளக்கு. மொத்த மென்பொருளிலும் உயிரான இடம் இந்த இரண்டு ஒப்பீடுகள்தான்.

இரண்டு வருடத்துக்கும் மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி ஓர் அறையின் கம்ப்ரசர் நின்றுவிட்டது. முதலில் "சூடு அதிகம்" என்று செய்தி போனது. பணியில் இருந்தவர் வந்து பார்த்தார். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கும் என்று நினைத்து இறுக்கிச் சாத்திவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அதே அறையைப் பற்றி "குளிர் அதிகம்" என்று வந்தது. திரும்பவும் வந்து, வெளியே இருந்த திருகைத் திருகிக் குளிரைக் குறைத்தார். அதற்குப் பிறகு செய்திகள் நின்றன. திரையும் பச்சைக்கு மாறியது. சரியாகிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? காலையில் மருந்தாளுநர் கதவைத் திறந்து உள்ளே இருந்த வெப்பமானியைப் பார்த்தபோது அது 23 காட்டியது. அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார்கள்.

அன்று முழுக்க நான் லாகை, அதாவது நிரலின் பதிவேட்டை, திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்சார் அனுப்பிய அளவுகளில் ஒரு தவறும் இல்லை. 8.3, 9.1, 9.8, 10.2 என்று வரிசையாக ஏறி 20-ஐத் தாண்டியிருந்தது. வரைபடமும் அழகாக மேலே போயிருந்தது. பக்கத்தில் இருந்த எச்சரிக்கைப் பத்தி மட்டும் விநோதமாக இருந்தது. 9.8 வரை "சூடு". 10.2-ல் "குளிர்". 19.9 வரை அதே "குளிர்". 20.4-ல் "சரி".

ஜாவாஸ்கிரிப்ட் வரிகளை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் கன்சோலைத் திறந்து 10.2 > 8 என்று தட்டினேன். ட்ரூ, அதாவது உண்மை. எல்லை மதிப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு 10.2 > "8" என்று தட்டினேன். அதுவும் ட்ரூ. இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போட்டு "10.2" > "8" என்று தட்டினேன். ஃபால்ஸ், அதாவது பொய்.

அங்கேதான் இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ஒப்பீட்டின் ஒரு பக்கம் எண் இருந்தால், மறுபக்கத்தில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துத் தொடரை, அதாவது ஸ்ட்ரிங்கை, அது எண்ணாக மாற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங்காக இருந்தால் எண் என்ற நினைப்பே அதற்குக் கிடையாது. அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். "10.2"-ன் முதல் எழுத்து 1. "8"-ன் முதல் எழுத்து 8. 1 முன்னால் வருவதால் "10.2" சிறியது. அதே கணக்கில் "10.2" < "2" என்பது ட்ரூ. அதனால்தான் "குளிர் அதிகம்" என்ற செய்தி. 20.4 வந்தபோது நடந்தது இன்னும் கொடுமை. "20.4" என்பது "2"-ல் தொடங்கி அதைவிட நீளமாக இருப்பதால் "2"-ஐவிடப் பெரியது, "8"-ஐவிடச் சிறியது. இரண்டு ஒப்பீட்டிலும் மாட்டாமல் நடுவில் புகுந்து பச்சை விளக்கு வாங்கிவிட்டது. 20 முதல் 79 வரை எந்த அளவு வந்திருந்தாலும் எங்கள் நிரல் "சரி" என்றுதான் சொல்லியிருக்கும்.

ஸ்ட்ரிங் எங்கிருந்து வந்தது? எல்லை மதிப்புகள் முதல் நாளிலிருந்தே ஸ்ட்ரிங்தான். அமைப்புகள் பக்கத்தில் ஒரு பெட்டியில் தட்டச்சு செய்து சேமிப்பவை அவை. பிரவுசரில் உள்ளீட்டுப் பெட்டியின் மதிப்பு, அதை எண்ணுக்கான பெட்டி என்று அறிவித்திருந்தாலும், ஸ்ட்ரிங்காகத்தான் கைக்கு வரும். பழைய சென்சார்கள் அளவை எண்ணாக அனுப்பின. ஆக, இரண்டு வருடமும் எண்ணுக்கும் ஸ்ட்ரிங்குக்கும்தான் ஒப்பீடு நடந்திருக்கிறது. மொழி சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்ததால் எல்லாம் சரியாகவே வந்தது. சில மாதங்களுக்கு முன் சில அறைகளில் புதிய வகை சென்சார்கள் மாட்டினார்கள். அவை அளவை மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்பின. 7.4 என்பது "7.4" ஆனது. அவ்வளவுதான் மாற்றம்.

மாட்டிய அன்றே உடைந்திருந்தால் தெரிந்திருக்கும். உடையவில்லை. ஏனென்றால் புள்ளிக்கு முன் ஒரே இலக்கம் இருக்கும்வரை அகராதி வரிசையும் எண் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். "1.5" < "2" ட்ரூ, சரி. "9.1" > "8" ட்ரூ, சரி. மைனஸ் குறி எழுத்துக் குறியீட்டில் இலக்கங்களுக்கு முன்னால் இருப்பதால் "-1.0" < "2" என்பதும் ட்ரூ, அதுவும் சரி. புது சென்சாரை நாங்கள் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. ஒருமுறை 9 டிகிரி வரை சூடாக்கினோம், ஒருமுறை 1 டிகிரி வரை குளிர்வித்தோம். இரண்டு தடவையும் சரியான செய்தி வந்தது. 10 வரை யாரும் போகவில்லை. போவதற்குக் காரணமும் தோன்றவில்லை.

ஒரு தடயம் மட்டும் முன்னாலேயே கிடைத்திருந்தது. அதை நான் தவறவிட்டது இன்னும் உறுத்துகிறது. புது சென்சார் மாட்டிய அறைகளில் சரியாக 8.0 டிகிரி இருக்கும்போது "சூடு அதிகம்" என்று வருகிறது, முன்பெல்லாம் வராது என்று மருந்தாளுநர் சொல்லியிருந்தார். சென்சாரின் உள்ளே தசமத்தில் ஏதோ நுண்ணிய வித்தியாசம் இருக்கும் என்று பதில் சொல்லி அனுப்பினேன். உண்மையில், எண்ணாக 8.0-வும் 8-உம் ஒன்று. ஸ்ட்ரிங்காக "8.0" என்பது "8"-ஐவிட நீளம், அதனால் பெரியது. ஒரே ஒரு தடவை கன்சோலில் தட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். "முன்பு வராது, இப்போது வருகிறது" என்று ஒருவர் எல்லைக்கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினால், விளக்கம் சொல்வதற்கு முன் அந்த மதிப்பின் டைப் என்ன, அதாவது அது எண்ணா ஸ்ட்ரிங்கா, என்று பார்த்துவிட வேண்டும். டைப்ஆஃப் என்று ஒரு வரி போதும்.

இன்னொன்றும் எங்களை ஏமாற்றியது. ஓர் அளவுக்கும் முந்தைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் காட்டியிருந்தோம். "7.6" - "7.4" என்று இரண்டு ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் கழித்துக் கொடுத்துவிடும், ஏனென்றால் கழித்தலுக்கு எண் மட்டும்தான் தெரியும். அந்தப் பகுதி ஒழுங்காக வேலை செய்ததைப் பார்த்து, வருவது எண்தான் என்று நம்பிவிட்டோம். கூட்டல் செய்யும் இடம் ஒன்று இருந்திருந்தால் "7.6" + "7.4" என்பது "7.67.4" என்று ஒட்டிக்கொண்டு திரையில் பளிச்சென்று தெரிந்திருக்கும். சராசரியை டேட்டாபேஸ் கணக்கிட்டுக் கொடுத்ததால் அப்படி ஓர் இடமே இல்லை. கழித்தல் மாற்றும், கூட்டல் ஒட்டும், ஒப்பீடு ஆளைப் பார்த்து நடந்துகொள்ளும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு தனிச் சட்டம். ஓரிடத்தில் சரியாக நடந்தது என்பது அடுத்த இடத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதைக் கேட்ட நண்பர்கள் பலரும் முதலில் சொன்னது, "மூன்று சமக்குறி போட வேண்டியதுதானே" என்பது. சமமா என்று பார்க்கும் இடத்தில் அது நல்ல அறிவுரை: இரண்டு சமக்குறி டைப்பை மாற்றி ஒப்பிடும், மூன்று சமக்குறி மாற்றாமல் ஒப்பிடும். இரண்டு சமக்குறியில் "" == 0 ட்ரூ, "0" == 0 ட்ரூ, ஆனால் "" == "0" ஃபால்ஸ் என்று சங்கிலி அறுந்து நிற்கும். மூன்று சமக்குறியில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் நிரல் முழுக்க மூன்று சமக்குறிதான் இருந்தது. இரண்டு போட்டால், நிரலில் தவறு தேடும் இஎஸ்லிண்ட் கருவி உடனே சிவப்பில் காட்டும். ஆனால் பெரிது, சிறிது என்று பார்க்கும் குறிகளுக்கு அப்படி ஒரு கறாரான வடிவம் இந்த மொழியில் கிடையாது. இது பலருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் அன்றுவரை தோன்றியதில்லை.

ஜாவாஸ்கிரிப்டின் மேல் டைப் சரிபார்ப்பைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட்? அதுவும் இருந்தது. அளவு ஓர் எண், எல்லை ஓர் எண் என்று அறிவித்து வைத்திருந்தோம். ஆனால் சென்சாரிலிருந்து ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும் தரவைப் பிரித்தவுடன், "இது அளவு என்ற டைப்தான், நம்பு" என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். கம்பைல் ஆகி ஜாவாஸ்கிரிப்டாக மாறியதும் டைப்ஸ்கிரிப்டின் டைப்கள் எல்லாம் மறைந்துபோகும். ஓடுகிற நேரத்தில் வாசலில் வந்து நிற்பது எண்ணா ஸ்ட்ரிங்கா என்று பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை. நாம் எழுதுவதை அது சரிபார்க்கும். வெளியிலிருந்து வருவதைச் சரிபார்ப்பது நம் வேலை.

அன்று சாயங்காலமே ஒரு திருத்தம் செய்தேன். ஒப்பீட்டின் இரண்டு பக்கமும் எண்ணாக்கித் தரும் நம்பர் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு மாற்றினேன். அவசரத்தில் செய்தது, அதிலும் ஓட்டை. சென்சார் வேலை செய்யாதபோது என்ன வரும் என்று அடுத்த நாள் தேடியபோது கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஒரு வகை சென்சார் அளவு கிடைக்காவிட்டால் நல் (null), அதாவது ஒன்றுமில்லை, என்று அனுப்பும். இன்னொரு வகை வெற்று ஸ்ட்ரிங் அனுப்பும். மூன்றாவது அந்தப் புலத்தையே விட்டுவிடும், அதாவது மதிப்பே தரப்படவில்லை என்று பொருள்படும் அன்டிஃபைன்ட் நமக்குக் கிடைக்கும். நம்பர் ஃபங்ஷனிடம் கொடுத்தால் நல் 0 ஆகும். வெற்று ஸ்ட்ரிங்கும் 0 ஆகும். அன்டிஃபைன்ட் மட்டும் நேன், அதாவது "எண் அல்ல", ஆகும். முதல் இரண்டிலும், அளவே வராத அறைக்கு "குளிர் அதிகம்" என்று பொய்ச் செய்தி போகும். மூன்றாவதில், நேனோடு எதை ஒப்பிட்டாலும் ஃபால்ஸ் என்பதால் ஒன்றுமே போகாது. செத்துப்போன சென்சார் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும். நம்பர் ஃபங்ஷனைச் சேர்ப்பதற்கு முன்பும் இதேதான் நடந்துகொண்டிருந்தது. நல் இன்னும் ஒரு படி மேலே போய்க் குழப்பும்: நல் >= 0 என்பது ட்ரூ, ஆனால் நல் > 0 ஃபால்ஸ், நல் == 0 அதுவும் ஃபால்ஸ்.

எண்ணாக மாற்றும் இன்னொரு ஃபங்ஷனான பார்ஸ்ஃப்ளோட்டுக்கு மாறலாமா என்று யோசித்தோம். வெற்று ஸ்ட்ரிங்குக்கு அது நேன் கொடுக்கும், அந்த வகையில் நல்லது. ஆனால் புரிகிற வரைக்கும் படித்துவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடும். தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும் நாடுகளின் வழக்கப்படி "8,6" என்று ஒரு சென்சார் அனுப்பினால் அது 8 என்று படிக்கும். 8 என்பது 8-ஐவிடப் பெரியதல்ல. மறுபடியும் பச்சை விளக்கு.

கடைசியில் செய்தது இரண்டு காரியம். ஒன்று, ஒப்பீட்டைத் திருப்பிப் போட்டோம். "சூடாக இருக்கிறதா, குளிராக இருக்கிறதா" என்று கேட்டு இரண்டும் இல்லாவிட்டால் சரி என்பதற்குப் பதிலாக, "2-க்குக் குறையாமலும் 8-க்கு மிகாமலும் இருக்கிறதா" என்று கேட்டு, இல்லாவிட்டால் எச்சரிக்கை என்று மாற்றினோம். நேன் வந்தால் இப்போது எச்சரிக்கைப் பக்கம் விழும். ஆபத்தான வேலையில் நல்ல நிலை எது என்பதைத்தான் நிரூபிக்கச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஆனால் இது மட்டும் போதாது, "20.4" ஸ்ட்ரிங்காக வந்தால் இந்தத் திருப்பிப் போட்ட ஒப்பீட்டையும் அது தாண்டிவிடும்.

அதனால் இரண்டாவது: வாசலில் ஒரே ஒரு ஃபங்ஷன். சென்சாரிலிருந்து வரும் எந்த மதிப்பும் அதன் வழியாகத்தான் உள்ளே வர முடியும். எண்ணாக இருந்தால், அது முடிவுள்ள எண்ணா என்று நம்பர்.ஈஸ்ஃபைனைட் மூலம் பார்க்கும். தனியாக நிற்கும் பழைய ஈஸ்ஃபைனைட் ஒன்று உண்டு. பெயர் ஒன்றுதான், குணம் வேறு, அது "7.4"-ஐ எண்ணாக மாற்றிப் பார்த்துவிட்டு ட்ரூ சொல்லும். 2015-ல் வந்த நம்பர்.ஈஸ்ஃபைனைட் மாற்றாமல் ஃபால்ஸ் சொல்லும். எங்களுக்கு வேண்டியது இதுதான். ஸ்ட்ரிங்காக இருந்தால் இலக்கங்கள், ஒரு புள்ளி, முன்னால் ஒரு மைனஸ், இவற்றைத் தவிர வேறு எழுத்து இருக்கக் கூடாது. தேறினால் மட்டும் எண்ணாக மாற்றும். வேறு எது வந்தாலும் "அளவு கிடைக்கவில்லை" என்ற தனி நிலை. அதற்கு என்று தனிச் செய்தி, தனி நிறம். எல்லை மதிப்புகளையும் சேமிக்கும்போதே இதே வாசல் வழியாக அனுப்பினோம். உள்ளே வந்த பிறகு எங்கேயும் மாற்றுவது கிடையாது. ஒப்பீடு நடக்கும் இடத்தில் நம்பர் ஃபங்ஷனை யாராவது போட்டால் ரிவ்யூவில் எடுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே அது இருந்தால் வாசலில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

மற்ற மொழிகளில் இது எப்படிப் போயிருக்கும் என்று அந்த வாரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பைத்தான் 3-லும் இரண்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டால் அகராதி வரிசைதான், '10.2' > '8' என்பது அங்கேயும் பொய்தான். ஆனால் எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட்டால் அது டைப் பிழை என்று நின்றுவிடும். அதாவது, எல்லை மதிப்பு ஸ்ட்ரிங்காக இருக்கிறது என்ற எங்கள் முதல் தவறு முதல் நாளே, ஒரு மருந்துப் பெட்டிகூட உள்ளே வராத நேரத்திலேயே, தெரிந்திருக்கும். பைத்தான் 2-ல் இந்தக் கறார் கிடையாது. 2008-ல் வந்த 3-ல்தான் சேர்த்தார்கள். பிஎச்பியில் இரண்டு ஸ்ட்ரிங்கும் எண் போல இருந்தால் எண்ணாகவே ஒப்பிடும், அதனால் எங்கள் விபத்து அங்கே நடந்திருக்காது; ஆனால் 0 == "abc" போன்ற இடங்களில் 0-வை எந்தச் சொல்லோடு ஒப்பிட்டாலும் சமம் என்று 2020-ல் 8.0 வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

ஜாவாஸ்கிரிப்டை 1995-ல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பலருக்கும் தெரியும். இரண்டு சமக்குறியைத் திருத்த 1997-லேயே ஒரு முயற்சி நடந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. நெட்ஸ்கேப் 4 பிரவுசரில் வந்த ஜாவாஸ்கிரிப்ட் 1.2 பதிப்பில் அது டைப்பை மாற்றாமல் ஒப்பிட்டது. தரநிலை பழைய வழக்கத்தையே எழுதி வைத்ததால் அடுத்த பதிப்பில் திரும்பப் போய்விட்டார்கள். மூன்று சமக்குறி 1999-ல் தரநிலைக்குள் வந்தது. ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்கள் உடையக் கூடாது என்பதால் பழைய சட்டங்கள் அப்படியே நிற்கும். புதிதாகச் சேர்ப்பவற்றில் கறாராக இருக்கிறார்கள்: மிகப் பெரிய முழு எண்களுக்காக 2020-ல் சேர்த்த பிக்இன்ட்டையும் சாதாரண எண்ணையும் கூட்டினால் டைப் பிழை. எனக்கு அது சரியான திசை என்று படுகிறது. மாற்றத் தெரியாதபோது நின்று சொல்கிற மொழிதான் கூட வேலை செய்பவருக்கு உதவி.

இந்த ஒன்றைத் தேடப் போய் வேறு இடங்களிலும் கிடைத்தன. அறைகளை அதிகபட்ச வெப்பநிலைப்படி வரிசைப்படுத்தும் இடத்தில் சார்ட் (sort) என்ற அடுக்கும் ஃபங்ஷனுக்கு ஒப்பீட்டு ஃபங்ஷன் கொடுக்காமல் விட்டிருந்தோம்; எண்கள் இருந்தாலும் அது ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் அடுக்கும், 10 வந்து 9-க்கு முன்னால் நிற்கும். பிரவுசரின் உள்ளூர்ச் சேமிப்பில் "ஒலி வேண்டாம்" என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்திருந்தோம். அங்கே எல்லாம் ஸ்ட்ரிங், காலியில்லாத எந்த ஸ்ட்ரிங்கும் ட்ரூ போலத்தான் நடக்கும்.

எச்சரிக்கைச் செய்தியையும் மாற்றினோம். "குளிர் அதிகம்" என்று மட்டும் போகாமல் "10.2 டிகிரி, எல்லை 2 முதல் 8" என்று எண்ணையும் சேர்த்துப் போகிறது. நிரல் தப்பாக முடிவெடுத்தாலும் கையில் செய்தி வைத்திருப்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். இதைப் பணியில் இருந்த அந்தப் பெரியவரிடம் பேசிய பிறகுதான் செய்தேன். ஒரு வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "தம்பி, குளிர் அதிகம்னுதான் வந்துச்சு, அதான் குறைச்சேன்" என்று தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். அதற்குள் அந்தச் செய்தியைப் பலபேரிடம் அவர் காட்டியிருக்க வேண்டும், தேடாமலே எடுத்தார். "அண்ணே, நீங்க செஞ்சது சரிதான். செய்திதான் தப்பு, அது நாங்க அனுப்பினது" என்றேன். அதை எழுத்திலும் கொடுத்தேன். அந்த அறிக்கையில் முதல் பத்தி அவரைப் பற்றியது, நிரல் பற்றியது அல்ல.

இப்போது சோதனைப் பட்டியலில் 1.9, 2, 8, 8.1, 10, 20.4, 80, மைனஸ் 1 எல்லாம் எண்ணாக ஒருமுறை, மேற்கோள் குறிக்குள் ஒருமுறை என்று இருக்கின்றன. கூடவே "8.0", வெற்று ஸ்ட்ரிங், வெறும் இடைவெளி, நல், புலமே இல்லாத ஜேசன், "8,6". கடைசியாகச் சொன்னதை எங்கள் கூட்டாளி ஒருத்தி சேர்த்தபோது, இப்படியும் எந்த சென்சாராவது அனுப்புமா என்று கேட்டேன். "வந்தா என்ன ஆகும்னு தெரியணும்ல" என்றாள்.

போன மாதம் வந்தது. வேறொரு வகை சென்சாரை மாட்டிய பத்தாவது நிமிடம், பட்டப்பகலில், "அளவு கிடைக்கவில்லை. வந்தது: 5,3" என்று எங்கள் மூன்று பேர் கைபேசியிலும் செய்தி. அறையில் அப்போது ஒரு பெட்டிகூட வைத்திருக்கவில்லை.